உள்ளே இருப்பவனுக்கு ஒரு கடிதம்



கடித இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருவன சில உள. மு. வரதராசனாரின் 'அன்னைக்கு', 'தம்பிக்கு' முதலிய நூல்களை மாணவப் பருவத்தில் படித்திருப்போம். ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்களைச் சுவைத்திருப்போம். ஜவஹர்லால் நேரு 1930 முதல் 1933 வரையான ஆண்டுகளில் சிறையில் இருந்துகொண்டு தம் மகளுக்கு எழுதிய கடிதங்களே உலக சரித்திர நூலாக உருவெடுத்தன என்பதையும் நாம் அறிவோம்.

நேருவின் கடிதங்கள் சிறைக்குள்ளேயிருந்து வெளியே வந்தவை. அவற்றை உலகம் போற்றியது. ஆனால், வெளியேயிருந்து சிறைக்குள்ளே சென்ற கடிதங்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அவை பெரும்பாலும் பெரிய மனிதர்கள் எழுதியவை அல்ல. தாயும் மனைவியும் எழுதியவை. எழுதத் தெரியாதபோது பிறரைக் கொண்டு எழுதுவித்தவை. அத்தகைய கடிதங்களைப் பற்றி, குறிப்பாக நமது மலையகத்துத் தோட்டத்து லயங்களிலிருந்து சிறைச்சாலைகளுக்குச் சென்ற கடிதங்களைப் பற்றி, இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன். அவற்றுள் சிலவற்றை எழுதிய கை என்னுடையது என்பதால் இதைப் பேசும் உரிமை எனக்கு உண்டு. அதைவிட, பேச வேண்டிய கடன் ஒன்றும் எனக்கு உண்டு. அந்தக் கடன் என்னவென்பதைப் பின்னால் சொல்கின்றேன்.

முதலில் நமது பழைய இலக்கியத்தைச் சற்றுப் பார்ப்போம். புறநானூற்றின் 74ஆம் பாட்டைப் பாடியவன் சேரமான் கணைக்காலிரும்பொறை. சோழன் செங்கணானோடு பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலர் உடனே கொடுக்கவில்லை, காலந்தாழ்த்திக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, இரந்து பெற்ற நீரைக் குடித்து உயிர் வாழ்வதா என்று மானம் மேலிட்டுப் பாடிய பாட்டு அது. நீரை உண்ணாமலே உயிர் துறந்தான் என்பது ஒரு மரபு. அப்பாட்டைத் தன் நண்பராகிய பொய்கையாருக்கு அனுப்பினான் என்றும், அதைக் கண்ட பொய்கையார் சோழன்மேல் 'களவழி நாற்பது' பாடிச் சேரனைச் சிறை மீட்டார் என்றும் கூறுவது இன்னொரு மரபு.

இந்த இரண்டு மரபுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சிந்தித்துப் பாருங்கள். ஒன்றில் சிறைப்பட்டவன் எழுதியதைப் படிக்க வெளியே ஒருவரும் இல்லை, அவன் சாகிறான். மற்றதில் படிப்பதற்கும் பதில் செய்வதற்கும் வெளியே ஒரு நண்பர் இருக்கிறார், அவன் பிழைக்கிறான். பாட்டு ஒன்றுதான். வெளியே ஆள் உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867ஆம் ஆண்டு. கண்டி போகம்பறைச் சிறைச்சாலை கட்டப்பட்டது 1876ஆம் ஆண்டு. சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டினது. தேயிலையும் சிறையும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தன. அதற்கு முன்னரே, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் ஒரு தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போவதே சிறையிலிடத் தக்க குற்றமாயிருந்தது. கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தரும் 'துண்டு' கையில் இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது.

ஆக, நம் முன்னோருக்குச் சிறை புதியதல்ல. ஆனால் அந்நாளில் சிறை சென்ற கோப்பிக் காலத்துத் தொழிலாளிக்கும், தேயிலைக் காலத்துத் தொழிலாளிக்கும் யார் கடிதம் எழுதினார்கள்? எழுதத் தெரிந்தவர் லயத்தில் இல்லை. எழுதினாலும் படிக்க அவனுக்குத் தெரியாது. உள்ளே போனவன் திரும்பி வரும்வரை அவன் உயிரோடு இருக்கிறானா என்பதையே அறிய வழியில்லை. நமது சமூகத்தின் வரலாற்றில் எழுதப்படாத கடிதங்களின் காலம் என்று அதைச் சொல்லலாம்.

எழுதப்பட்ட கடிதங்களின் காலத்துக்கு வருகிறேன்.

1979ஆம் ஆண்டில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. தற்காலிக ஏற்பாடுகள் என்ற பெயரோடு வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஒருவரை நீதிமன்றில் குற்றஞ்சாட்டாமலே மும்மூன்று மாதங்களாக 18 மாதங்கள்வரை தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அதை 12 மாதங்களாகக் குறைத்தது. யுத்த காலத்தில் அவசரகால ஒழுங்குவிதிகளும் கூடவே இருந்தன. மலையகத்து இளைஞர்கள் பலர் அந்நாட்களில் கொழும்பில் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் தேசிய அடையாள அட்டை எடுக்க முடியாதவர்கள் அவர்களுள் பலர். சோதனையில் நிறுத்தப்பட்டால் தமிழ்ப் பெயரைத் தவிர வேறு எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை.

1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதன் பின்னர் கொழும்பில் தமிழ் இளைஞர்கள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டார்கள். எங்கள் தோட்டத்து மேல் லயத்துப் பெரியம்மாவின் மகனும் அவர்களுள் ஒருவர். ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையே இருக்கிறது எங்கள் தோட்டம். நான் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். கையெழுத்து நன்றாயிருக்கும் என்று தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர்.

மாதங்கள் சில சென்று அவரிடமிருந்து முதற் கடிதம் வந்தது. லயத்துக் காம்பிராக்களுக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அவ்வளவுதான் முகவரி. தபால் பை காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து கடிதம் பிரட்டுக்களத்துக்கு வரும். கை மாறிக் கை மாறி உரியவரிடம் போய்ச் சேரும், அல்லது சேராமற் போகும். பல தோட்டங்களில் இந்நிலை இன்னும் முற்றாக மாறவில்லை. அப்படிக் கசங்கி வந்த கடிதத்தைப் பெரியம்மா மடியில் முடிந்துகொண்டு, கொழுந்து நிறுத்த கையோடு எங்கள் காம்பிராவுக்கு வந்தார். "வாசிப்பா" என்றார். வாசித்தேன். "இப்ப எழுதுப்பா" என்றார்.

"செவலப் பசு கன்னு போட்டிருச்சுன்னு எழுது. கெடேரிக் கன்னு. பீலிக்கிட்ட நின்ன கொய்யா மரத்த வெட்டிட்டாங்க. பெரிய மலையில கவ்வாத்து நடக்குது. தங்கச்சிக்குப் பல்லு வலி, இப்ப தேவல. அவ்வளவுதான்."

நேயர்களே, இலக்கியப் பித்துப் பிடித்த வயது எனக்கு. சிறையில் வாடும் ஒருவருக்குப் பசு மாட்டைப் பற்றியும் பல் வலியைப் பற்றியும் எழுதுவதா என்று எண்ணினேன். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, இருள் நீங்கும், ஒளி பிறக்கும், தாயின் கண்ணீர் வீண் போகாது என்று இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதினேன். பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அவர் சொன்னபடியே சொன்னேன். தாளில் இருந்தது வேறு.

பதில் வர ஒன்றரை மாதமாயிற்று. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே கடிதங்களைக் கொடுத்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். அந்தப் பதிலில் அவர் எனது அலங்காரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, நான் வரும்போது செவலை சினையாக இருந்ததே, கன்று போட்டுவிட்டதா?" என்று கேட்டிருந்தார்.

கடிதம் எழுதுவதைப் பற்றி நான் கற்ற முதற் பாடம் அது. பிற்காலத்தில் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் பயிற்சியிலும் உரைநடை பற்றி எத்தனையோ படித்தேன். அந்த ஒற்றை வரிக்கு மேல் ஒன்றும் கற்றதாகச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பவனுக்கு ஆறுதல் மொழி தேவையில்லை. தான் இல்லாமலும் நடந்துகொண்டிருக்கும் வீட்டின் நடப்பு தேவை. கன்று பிறந்தது தெரிந்தால்தான் அது வளர்வதை அவன் அங்கிருந்தே எண்ணிப் பார்க்க முடியும். அதன் பிறகு பெரியம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.

இனி அந்தக் கடனைச் சொல்கிறேன்.

1997ஆம் ஆண்டின் தொடக்கம். தோட்டத்தில் பயம் பரவியிருந்த நேரம். என் தகப்பனார் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் இரவு என்னை அழைத்து, "ஒன் எழுத்து அங்க போயி நிக்குது. நாளைக்கி யாரு எழுதினதுன்னு கேட்டு வந்தா நான் என்ன சொல்றது? இனிமே எழுத வேணாம்" என்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன்களை வைத்திருந்த எந்தத் தகப்பனும் அந்நாளில் அப்படித்தான் பயந்தார்.

நான் பெரியம்மாவிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வழக்கம்போல் மாதத்துக்கொரு முறை வந்தார். சொல்லச் சொல்ல எழுதினேன். உறையிலிட்டு ஒட்டினேன். முத்திரைக்கென்று அவர் கொடுத்த சில்லறையையும் வாங்கிக்கொண்டேன். ஆனால், தபாலில் சேர்க்கவில்லை. இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு மாதம். "பதிலு வரலியே தம்பி" என்பார். "வரும் பெரியம்மா" என்பேன்.

ஐந்தாவது மாதம் பதில் வந்தது. அதை நான்தான் அவருக்கு வாசித்தேன். "அம்மா, நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. நீங்களும் அதை நம்பவில்லையென்றால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம்" என்றிருந்தது.

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நாமதான் எழுதினோமேப்பா?" என்றார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து விரித்துக் காட்டினேன். அவர் ஏசவில்லை, அழவுமில்லை. "நாலும் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு." "அப்ப சேத்துரு. இன்னிக்கே சேத்துரு." இருவருமாக நடந்து உப தபாலகத்துக்குப் போனோம். அன்று அவருக்கு அரைப் பேர்தான். அன்றிரவு என் தகப்பனாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. விடியற்காலை வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, "எழுதுறதுன்னா, அனுப்புறவரு எடத்துல என் பேரையும் போட்டு எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அண்ணன் 1998இல் விடுதலையானார். அவர்மீது எந்த வழக்கும் தாக்கல் செய்யப்படவில்லை. திரும்பி வந்தபின் ஒரு மாலை பீலிக்கரையில் இருந்து பேசினோம். நடந்ததை அவரிடமும் சொன்னேன். அவர் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "உள்ள ஒருத்தன் கடிதக் கட்டைக் கையில வச்சிக்கிட்டுப் பேரு கூப்பிடுவான் தம்பி. நம்ம பெரட்டுல மாதிரிதான். நம்ம பேரு வருதான்னு காது நின்னுக்கிட்டே இருக்கும். அன்னிக்கி நாலு தடவை என் பேரைக் கூப்பிட்டான்" என்றார். அந்த நான்கு மாதங்களைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை.

பிரட்டுக்களத்தின் பொருள் நம் மலையகத்து நேயர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காலையில் பேர் கூப்பிட்டால்தான் அன்றைய வேலை. பேர் விழுந்தால்தான் சம்பளம். பேர் விழாத நாளில் ஆள் இருந்தும் இல்லாத கணக்கு. சிறையிலும் அப்படியே. அங்கே மனிதனுக்கு இலக்கம் கொடுத்துவிடுகிறார்கள். காலையும் மாலையும் எண்ணிக்கை எடுப்பது எத்தனை தலை என்று அறிவதற்கே. அந்த இடத்தில் அவனைப் பெயர் சொல்லி அழைப்பது உறையின் மேல் எழுதியிருக்கும் முகவரி ஒன்றுதான். அதைக் கூப்பிடும் குரல் காவலாளியுடையதாயினும் அழைப்பது வீடு. அதுமட்டுமன்று. கடிதம் வரும் கைதியைத் தேட ஆள் உண்டு என்பதைச் சிறைச்சாலையும் அறிந்துகொள்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. நெல்சன் மண்டேலா 1964 முதல் 1982 வரை ரொபன் தீவுச் சிறையில் இருந்தார். அவரது இலக்கம் 466/64. தொடக்க ஆண்டுகளில் 6 மாதங்களுக்கு ஒரு கடிதந்தான் அனுமதி. அதுவும் 500 சொற்களுக்குள். அதிகாரிகள் விரும்பாத வரிகளை நீக்கிய பின்பே கொடுப்பார்கள். பல கடிதங்களைக் கொடுக்காமலே விட்டார்கள். 1969இல் அவருடைய மூத்த மகன் வாகன விபத்தில் இறந்தபோது இறுதிச் சடங்குக்குச் செல்லவும் விடவில்லை. அந்தத் துயரத்தையும் அவர் கடிதத்தின் வழியாகவே குடும்பத்தோடு பகிர வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டில், அவர் பிறந்த நூற்றாண்டில், அவரது சிறைக் கடிதங்கள் ஒரு பெருந்தொகுதியாக வெளிவந்தன.

இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷி 1926இல் கைதானார். அவருடைய மனைவி நோயாளியாக மொஸ்கோவில் இருந்தார். சிறையிலிருந்த கிராம்ஷிக்கு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதியவர், புத்தகங்களும் உடைகளும் சேர்ப்பித்தவர், மனைவியின் சகோதரியான தத்தியானா. 1937இல் கிராம்ஷி இறந்தபோது அவருடைய குறிப்பேடுகளைக் காப்பாற்றியவரும் அவரே. இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் கிராம்ஷியைப் படிக்கிறார்கள். தத்தியானா இல்லையென்றால் படிப்பதற்கு என்ன இருந்திருக்கும்? இலக்கிய வரலாற்றை எழுதும்போது உள்ளேயிருந்து எழுதியவரின் பக்கத்தில், வெளியேயிருந்து எழுதியவருக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனாற்றான்.

கடிதத்தின் தலைப்பில் இடும் திகதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, நமது மலைகளுக்குள்ளேயே, பண்டாரவளைக்கு அண்மையில் உள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழர்களை ஒரு கும்பல் கொன்றது. அச்செய்தி வந்த வாரத்தில், மகன் வேறெங்கோ தடுப்பில் இருந்த ஒரு தாய் என்னிடம் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். "உள்ள என்ன எழுதியிருக்குன்னு பொறகு பாக்கலாம். மேல என்ன தேதி போட்டிருக்கு, அத மொதல்ல சொல்லுங்க" என்றார். ஒக்டோபர் 28 என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாம் வகுப்பறையில் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது, வலப்பக்க மூலையில் திகதி இடாவிட்டால் ஒரு புள்ளி குறைப்போம். அந்தப் புள்ளியின் மதிப்பை அன்றுதான் அறிந்தேன்.

நேயர்களே, இதுவரை நான் பேசியது குற்றமற்றவர்களைப் பற்றி என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அரசியல் காரணங்களுக்காக உள்ளே இருப்பவருக்குக் கடிதம் எழுதுவதைச் சமூகம் ஏற்றுக்கொள்ளும். அதில் ஒரு பெருமையும் உண்டு. ஆனால், இன்றைய நிலை வேறு. இன்று நாட்டின் சிறைகளில் பெருந்தொகையானோர் போதைப்பொருள் குற்றங்களுக்காக இருப்பவர்கள். தண்டப் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்களும் உண்டு. நமது தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். இவர்களுக்கு யார் எழுதுகிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாந் தர வகுப்பில், தூரத்தில் இருக்கும் உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதி வரும்படி சொன்னேன். எல்லோரும் கொழும்பிலுள்ள மாமாவுக்கும் வெளிநாட்டிலுள்ள சித்திக்கும் எழுதி வந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் வெறும் கொப்பியோடு நின்றான். காரணம் கேட்டேன். எல்லோரும் போன பிறகு மெதுவாக, "எங்க அண்ணன் மறியல்ல இருக்கு சேர். தூள் கேஸ். வீட்டுல அவன் பேரையே சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கு" என்றான்.

வீட்டிலும் பெயர் இல்லை. உள்ளேயும் பெயர் இல்லை. அப்படியானால் அந்தப் பெயர் எங்கேதான் இருக்கிறது?

இந்த இடத்தில்தான் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தது. அக்காப்பியத்தின் 19ஆம் காதைக்குப் பெயர் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை'. அமுதசுரபியோடு மணிமேகலை சிறைக்கோட்டத்துக்குள் செல்கிறாள். பசியால் வாடிக் கிடந்த கைதிகளுக்கெல்லாம் உணவளிக்கிறாள். செய்தி அரசனுக்குப் போகிறது. உனக்கு நான் செய்ய வேண்டியது யாது என்று அரசன் கேட்கும்போது, சிறைக்கோட்டத்தை அழித்து அறக்கோட்டமாக்கித் தரும்படி வேண்டுகிறாள். அரசனும் அவ்வாறே செய்கிறான்.

நான் பலமுறை இக்காதையைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த மாணவன் நின்ற அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். உணவளிக்கும்போது மணிமேகலை எவரிடமும், நீ என்ன குற்றம் செய்தாய் என்று கேட்கவில்லை. குற்றத்தை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதை அவள் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. பசித்தவர் என்பது ஒன்றே அவளுக்குப் போதுமானதாயிருந்தது. கடிதமும் அத்தகைய உணவுதான். தண்டனை கொடுப்பவர் கொடுத்துவிட்டார். வீடும் சேர்ந்து இன்னொரு தண்டனை கொடுக்க வேண்டுமா? தண்டனை முடிந்து வெளியே வருபவன் எங்கே போவான்? வரும்படி எழுதிய வீடு ஒன்று இருந்தால் அங்கே போவான். இல்லாவிட்டால், முன்பு அவனைக் கெடுத்த கூட்டத்திடமே போவான். குற்றத்தை மன்னிக்காதவர்கூடக் கடிதம் எழுதலாம். "நீ செய்தது தவறு, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று ஒரே தாளில் இரண்டையும் எழுதலாம்.

அந்த மாணவன் கடிதம் எழுதினான். தகப்பனுக்குத் தெரியாமல் அல்ல. நான் போய் அவரோடு பேசினேன். என் தகப்பனார் வாசலில் நின்று சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அனுப்புநர் இடத்தில் பையன் தன் பெயரை மட்டும் எழுதினான். மூன்றாவது கடிதத்திலோ நான்காவது கடிதத்திலோ தகப்பனின் பெயரும் சேர்ந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுள், உள்ளே ஒருவரை வைத்துக்கொண்டு வெளியே சொல்ல முடியாமல் இருப்பவர் யாரேனும் இருக்கக் கூடும். அவர்களுக்கு ஓர் ஆசிரியன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். அவருடைய முழுப் பெயரையும், சிறை இலக்கத்தையும், இருக்கும் பகுதியையும் தெளிவாக எழுதுங்கள். திகதியிடுங்கள், கடிதங்களுக்கு ஒன்று, இரண்டு என இலக்கமும் இடுங்கள். நடுவில் ஒன்று தவறினால் இருவருக்கும் தெரியவரும். நீங்கள் எழுதுவதை வேறொருவர் படித்த பிறகே அவர் படிப்பார் என்பதை மறவாதீர்கள். வழக்கைப் பற்றிய விடயங்களைச் சட்டத்தரணியோடு நேரிற் பேசுங்கள். என்ன அனுப்பலாம், எத்தனை முறை எழுதலாம் என்ற விதிகளை அந்தச் சிறையிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள். பெரிதாக எழுத வேண்டாம். மழை பெய்தது, கன்று வளர்ந்தது, தங்கை பரீட்சை எழுதினாள் என்று எழுதுங்கள். நிறைய எழுதுவதைவிடத் தவறாமல் எழுதுவது முக்கியம். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சில நிமிடம் பார்த்துவர, ஒருநாட் சம்பளமும் ரயிற் செலவும் போய்விடும். கடிதத்துக்கு ஒரு முத்திரை போதும். பார்த்த முகம் மறைந்துவிடும். கடிதத்தை இரவில் மீண்டும் எடுத்துப் படிக்கலாம்.

கைத்தொலைபேசி வந்த பிறகு கடிதம் செத்துவிட்டது என்கிறார்கள். நமக்குச் செத்திருக்கலாம். கைத்தொலைபேசி அனுமதிக்கப்படாத சுவர்களுக்குள் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எங்கள் பெரியம்மா காலமாகிச் சில ஆண்டுகளாகின்றன. இலக்கணப் புத்தகத்தின் நடுவே இருந்த அந்த நான்கு கடிதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வெட்கமாயிருக்கிறது. எழுதிய கடிதம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் அனுப்பப்படாமல் கிடந்தால், நாளைக் காலை தபாலகம் திறக்கும்போது அதைச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டு விடைபெறுகின்றேன்.